பதினோரு நாள் அருவி

குற்றாலம் கூட்டிப் போவதாகச் சொன்னவர்
கல்யாணமான மூன்றாம் ஞாயிறு
டிவிஎஸ் வண்டியை உதைத்துக் கிளப்பி
மணலி தாண்டி, கண்டெய்னர் லாரிகளின்
இடுக்கில் புகுந்து புகுந்து
வல்லூர் அணைக்கட்டில் நிறுத்தினார்.
"இறங்கு. வந்தாச்சு."

கார்த்திகை மாசம்.
பூண்டியில் திறந்துவிட்ட தண்ணி
சுவரைத் தாண்டிக் காவி நிறத்தில் விழுந்தது.
பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்.
சாரல் பட்ட இடமெல்லாம்
புடவையில் சாம்பல் புள்ளி.
விழும் தண்ணிக்கு எதிராகத் துள்ளிய மடவைகளை
வலையை விரித்து வைத்துக்கொண்டு
அந்தரத்திலேயே பிடித்தார்கள்.

பையில் துண்டு, இரண்டு பாக்கெட் சீயக்காய்.
எனக்காம்.
நான் வண்டியைவிட்டு இறங்கவில்லை.
மூன்று நாள் பேசவுமில்லை.

அந்த அருவிக்கு ஆயுசு பதினோரு நாள்.
லஸ்கர் கன்னியப்பன்
கோடு போட்ட நோட்டில் கணக்கு வைத்திருக்கிறார்.
ஒரு வருஷம் ஒன்பது, ஒரு வருஷம் இருபது.
ஒரு வருஷத்துக்கு நேரே
எதுவும் எழுதாமல் ஒரு கோடு மட்டும்.

பதினோரு நாளுக்காக யாராவது
வருஷம் முழுக்கப் போவார்களா?
எத்திராஜ் போவார்.
பின்சீட்டில் நானும்.

தையில் சுவர் வேர்த்த மாதிரி இருக்கும்.
பாசியில் பையன்கள் சறுக்கி
டிராயர் கிழிந்து வீட்டுக்கு நடப்பார்கள்.
பங்குனியில் அது துணி காயப்போடுகிற சுவர்;
யார் வீட்டு லுங்கியோ
அருவி விழுந்த இடத்தில்
தலைகீழாகத் தொங்கும்.

அக்னி நட்சத்திரத்தில்
நாத்தனார் மாப்பிள்ளை வந்தார். தென்காசிக்காரர்.
அவரையும் கூட்டிப்போய்
வெறும் சுவருக்கு முன்னால் நிறுத்தி
"இங்கேர்ந்து, இப்படி... தோ, இதுவரைக்கும் விழும்"
என்று இரண்டு கையாலும்
தண்ணியைக் கொட்டிக் காட்டினார் இவர்.
வாயால் சத்தமும் போட்டார்.
ஐந்தருவியில் குளித்து வளர்ந்த மனுஷன்
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி
ரொம்ப நேரம் பார்த்தார்.
"நல்ல அகலம் மச்சான்" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு
இவர்மேல் கோபம் போனது என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு வருஷம்
அது எங்களைப் பார்க்க வந்தது.

ராத்திரி இரண்டரை.
பாத்ரூம் ஓட்டைதான் முதலில் பேசியது, களக் களக்கென்று.
விளக்கு போட்டால் கால் நனைகிறது.
விடிவதற்குள் ஃபிரிட்ஜ் மிதந்து
கதவை இடித்துக்கொண்டே இருந்தது,
உள்ளே வர வழி கேட்பதுபோல.
மணலி புதுநகர் முழுக்க மொட்டைமாடியில்.
நாங்களும், கேஸ் சிலிண்டரும்,
மாடிவீட்டு ஹாஜிராவின் மூன்று பூனைகளும்.
இரண்டு ராத்திரி.
காட்டுக்குப்பத்திலிருந்து படகு வந்தது.
படகில் இவர் அணைக்கட்டுப் பக்கமே
திரும்பவில்லை.

சுவிட்ச் போர்டுக்கு நாலு விரல் கீழே
வீட்டைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு.
இரண்டு கோட்டிங் அடித்தும்
பெயிண்டர் காசு வாங்கிக்கொண்டு போனபிறகு
மெல்ல மேலே வந்தது.

ஒன்றரை வருஷம் நாங்கள் அங்கே போகவில்லை.
ஞாயிறுகளில் டி.வி.

ஆனியில் ஒருநாள் நான்தான் கேட்டேன்,
"ஒரு ரவுண்டு போலாமா?"
ஆணியில் தொங்கிய சாவியை
அலமாரியில் தேடினார், கட்டிலுக்கடியில் தேடினார்.

காய்ந்த சுவர். பிளாஸ்டிக் கவர்கள். ஒரு ஆடு.
மூன்றாவது ஷட்டரில் ரப்பர் பிய்ந்து
இடுப்புயரத்திலிருந்து
ஒரு நூல் தண்ணி.
கீழே ஒரு காகம்
இறக்கையைத் தூக்கித் தூக்கி
அக்குளைக் கழுவிக்கொண்டிருந்தது.

இவர் மேலேயே நின்றுவிட்டார்.
வண்டியின் ஹேண்டில்பாரை விடவில்லை.

நான் இறங்கினேன்.
காகம் ஒதுங்கி இடம் விட்டது.
கொண்டையை அவிழ்த்துக் குனிந்தேன்.
பின்கழுத்தில் பட்டது.
இந்த வெயிலில் எப்படி இவ்வளவு குளிர்ச்சி?

குனிந்தபடியே கையை நீட்டிக் கத்தினேன்:
"சீயக்காய் எங்கே?"

பதில் இல்லை.
அப்புறம் கரைமேல்
பெட்டிக்கடையை நோக்கி
செருப்பு அடித்துக்கொண்டு ஓடும் சத்தம்.